கூகைக்குச் செய்த வீடு

என் கணவருக்கு ரயில்வேயில் கூட்ஸ் கிளார்க் வேலை. சுதந்திரம் வந்த இரண்டாவது வருஷம் அவரைச் சங்கரன்கோவிலுக்கு மாற்றினார்கள். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. குவார்ட்டர்ஸ் காலி இல்லாததால், கோயிலுக்கு வடக்கே ஒரு தெருவில், நடுவே சுவர் எழுப்பி இரண்டாகப் பிரித்த ஒரு பழைய வீட்டின் ஒரு பாதிக்குக் குடிபோனோம். மறுபாதியில் ஒரு நெசவுக் குடும்பம் இருந்தது. புருஷன், மனைவி, மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. அவர்கள் பக்கத்துப் புழக்கடையில் இரண்டு தறிகள் போட்ட ஓட்டுக் கொட்டகை. இரண்டு புழக்கடைகளுக்கும் நடுவில் மார்பளவு உயரத்துக்கு ஒரு மதில். அந்த மதிலுக்கு அந்தப் பக்கம் நின்றவள்தான் அந்த ஊரில் எனக்குக் கிடைத்த சிநேகிதி. வேறு யாரும் கிடைக்கவில்லை.

நான் மதுரையில் ஒரு சந்துக்குள் பிறந்து வளர்ந்தவள். அங்கே எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் எதிர்வீட்டுச் சுவர்தான் தெரியும். சங்கரன்கோவிலில் காலையில் கதவைத் திறந்ததுமே ஆகாசம் தெரிந்தது. ஊர் அப்படியொன்றும் அமைதியானதல்ல. விடிந்ததிலிருந்து தறிச்சத்தம், பஞ்சு மூட்டை ஏற்றிய வண்டிகள், திருவேங்கடம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து சந்தைக்கு வருகிறவர்களின் கூப்பாடு. ஆனால் அந்தச் சத்தத்துக்கு நடுவிலேயே எத்தனையோ ஜீவன்கள் எங்களோடு குடியிருந்தன. சுவரில் சாய்த்து மாட்டிய கண்ணாடிக்குப் பின்னால் குருவி கூடு கட்டியது. அணில் வந்து தலையணையைக் கிழித்து இலவம்பஞ்சை வாய் நிறைய இழுத்துக்கொண்டு போகும். துவைக்கிற கல்லடியில் தேங்கிய தண்ணீரில் மைனாக்கள் வரிசையாகக் குளிக்கும். என் கணவர் வேலைக்குப் போன பிறகு எனக்குப் பேச்சுத்துணை இவைதான்.

கை சும்மா இருந்தால் எனக்குப் பிடிக்காது. கூட்ஸ் ஷெட்டில் உடைந்துபோன பார்சல் பெட்டிப் பலகைகளை விறகுக்கென்று என் கணவர் கொண்டுவந்து போடுவார். அவற்றை அடுப்பில் வைக்க எனக்கு மனசு வரவில்லை. ஒரு சுத்தியலும் ஒரு சின்ன ரம்பமும் வாங்கித் தரச் சொன்னேன். முதலில் செம்பு வைக்க ஒரு தட்டு செய்தேன். அது ஒரு பக்கம் சாய்ந்தே நின்றது. பிறகு மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டி மல்லிகைக்குத் தொட்டி செய்தேன். உடைந்த வளையல் துண்டுகளைக் கோத்து ஜன்னலுக்குத் தொங்கல் செய்தேன். பொம்பளை சுத்தியல் பிடிக்கிறாள் என்று தெருவில் சிரித்தார்கள். மதிலுக்கு அந்தப் பக்கத்துக்காரி மட்டும் சிரிக்கவில்லை.

“மதினி, எம்பிள்ளைக்கு ஒரு நடைவண்டி செஞ்சு தருவியளா?” என்று கேட்டாள்.

“மூணு வயசுப் பிள்ளைக்கு நடைவண்டி எதுக்கு? ஓடித் திரியுது.”

“அவ ஏறி உக்காரட்டும். நான் இழுத்துட்டுப் போறேன்.”

செய்து கொடுத்தேன். அன்றிலிருந்து எங்கள் பேச்சு நிற்கவே இல்லை. நான் வேலை செய்யும்போது அவள் மதிலில் கையூன்றிக்கொண்டு பார்ப்பாள். அவள் தறிக்குத் தாரில் நூல் சுற்றும்போது நான் போய் உட்கார்ந்திருப்பேன். எனக்குக் கல்யாணமாகி நாலு வருஷமாகியும் குழந்தை இல்லை. அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காத ஒரே பெண் அவள்தான். அவளை நான் நம்பியதற்கு அதுவே பெரிய காரணம் என்று இப்போது தோன்றுகிறது.

அந்த வருஷம் எலித் தொல்லை தாங்கவில்லை. நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டுக் காயவைத்துத் தறியில் ஏற்றுவார்கள். அந்தக் கஞ்சி வாசத்துக்கு எலிகள் கூட்டமாக வந்தன. ஒருநாள் காலையில் அவள் அழுகிற சத்தம் கேட்டு மதில் பக்கம் போனேன். ஆடித்தபசுத் திருவிழாவுக்கென்று ஏற்றியிருந்த பாவு, நடுவில் ஒரு சாண் அகலத்துக்கு அறுந்து தொங்கியது. அவள் புருஷன் தறிக்குழிக்குள் இறங்கி உட்கார்ந்து, அறுந்த இழைகளைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு இழையாக முடிந்து சேர்க்க அவர்கள் இரண்டு பேருக்கும் நாலு நாள் ஆயிற்று.

அதே சமயத்தில்தான் தெருக்கோடியில் இருந்த பஞ்சு மூட்டை அடுக்கும் பழைய கிட்டங்கியை இடித்தார்கள். அரிசி மில் வரப்போகிறதென்று பேச்சு. கூரையைப் பிரித்த சாயங்காலம் எங்கள் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் ஒரு வெள்ளைப் பறவை வந்து உட்கார்ந்தது. வெற்றிலை மாதிரி முகம், கறுத்த கண்கள். என்னைப் பார்த்ததும் பறக்கவில்லை. தலையை மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்தது. மறுநாள் அதற்கு ஜோடியும் வந்தது. கூகை என்று பெயர் தெரியும். எங்கள் ஊரிலும் அதைச் சாக்குருவி என்பார்கள். அது கத்தினால் வீட்டில் சாவு விழும் என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். கிட்டத்தில் பார்த்தது அதுதான் முதல்முறை.

அவை உட்கார்ந்த இடத்தில் காலையில் கட்டைவிரல் அளவுக்குச் சாம்பல் நிற உருண்டைகள் கிடந்தன. எச்சம் என்று நினைத்துத் துடைப்பத்தை எடுத்தேன். ஒன்று உடைந்தபோது உள்ளே வெள்ளையாக ஏதோ மின்னியது. கொண்டை ஊசியால் கிளறிப் பார்த்தேன். ரோமத்துக்குள் பொதிந்து ஒரு எலியின் மண்டையோடு இருந்தது. பல்கூட உடையாமல் இருந்தது. தின்றுவிட்டுச் செரிக்காததை உருட்டிக் கக்குகிறது என்று புரிந்துகொண்டேன்.

ஓடிப்போய் அவளைக் கூப்பிட்டேன். அவள் முதலில் மூக்கைப் பொத்திக்கொண்டாள். பிறகு அவளுக்கும் ஆசை வந்துவிட்டது. இரண்டு பேரும் மாடியில் உட்கார்ந்து ஒவ்வொரு உருண்டையாக உடைத்து, எலும்புகளை வெந்நீரில் கழுவி வெயிலில் காயவைத்தோம். ஒரு பழைய காலண்டர் அட்டையில் கறுப்புக் காகிதம் ஒட்டி, அதன்மேல் எலும்புகளைக் கோந்தால் ஒட்டினேன். மண்டையோடுகள் மேலே ஒரு வரிசை, கால் எலும்புகள் கீழே பூ மாதிரி. எந்த எலும்பு எங்கே வரவேண்டும் என்று அவள்தான் விரலால் காட்டினாள்.

“பதினோரு எலி, மதினி! இந்தப் பதினோரும் எங்க நூலத்தான தின்னுருக்கும்? நல்லா வேணும்!” என்று கைதட்டிச் சிரித்தாள்.

பெட்டி செய்யும் யோசனை என்னுடையது. அதை அவள் வீட்டுக் கொட்டகையில் வைக்கலாம் என்பது அவளுடையது. நாலு நாள் உட்கார்ந்து பார்சல் பலகையில் ஒரு பெரிய பெட்டி அடித்தேன். முன்னால் ஒரு வாசல், குஞ்சு தவறி விழாமல் இருக்க வாசலுக்குக் கீழே உயரமான பலகை, மழை இறங்காமல் இருக்கச் சாய்ந்த மூடி. அவள் புருஷன்தான் ஏணி போட்டு ஏறி, கொட்டகையின் பின்சுவரில், கூரைக்கு அடியில் அதைக் கட்டிவைத்தார். அந்தப் பக்கம் வெறும் தரிசுதான். தெருவிலிருந்து பார்த்தால் தெரியாது.

“யார்ட்டயும் மூச்சு விட்ராதிய, மதினி. சாக்குருவின்னு தெரிஞ்சா நம்மள உண்டு இல்லன்னு ஆக்கிருவாவ. இது நம்ம ரெண்டு வீட்டுக்குள்ளயே இருக்கட்டும்” என்றாள்.

நான் சரி என்றேன்.

பத்து நாளில் ஜோடி உள்ளே குடியேறியது. சில வாரங்களுக்குப் பிறகு பெட்டியிலிருந்து ‘ஸ்ஸ்ஸ்’ என்று நீளமாக ஒரு சீறல் கேட்கத் தொடங்கியது. பசித்த குஞ்சுகளின் சத்தம் அது. விளக்கு வைக்கிற நேரத்தில் தெருவுக்கே கேட்கும். எதிர்வீட்டுக்காரிக்கு அது காதில் விழுந்து, நெசவுக்காரர் வீட்டில் நாகம் இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். அந்த ஊர்க் கோயிலில் புற்றுமண்தான் பிரசாதம். பாம்பைத் தெய்வமாகக் கும்பிடுகிறவர்கள். அவள் ஒரு டம்ளர் பால் கொண்டுவந்து கொட்டகை ஓரத்தில் வைத்து விழுந்து கும்பிட்டுவிட்டுப் போனாள். என் சிநேகிதி பவ்யமாகப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவள் போனதும் நாங்கள் இரண்டு பேரும் சேலைத்தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எங்கேயோ வலிக்கிறது.

எலி குறைந்தது. அவள் புருஷன் எதையும் சும்மா சொல்கிறவர் இல்லை. மதிலருகே வந்து, “ஒரு மாசமா ஒரு இழைகூட அறல, தங்கச்சி” என்று தாமாகவே சொன்னார். அந்தப் பாவில் நெய்த முதல் சேலையின் ஓரத்தில் மிஞ்சிய துண்டை அவள் எனக்கு ரவிக்கைக்குக் கொடுத்தாள்.

ஐப்பசியில் தெருவில் காய்ச்சல் வந்தது. முதலில் வயிற்றுப்போக்கு, பிறகு காய்ச்சல். எதிர்வீட்டுக்காரியின் மகள் பிரசவத்துக்கு வந்தவள் இன்னும் புருஷன் வீட்டுக்குத் திரும்பவில்லை. அவளுடைய ஆறு மாதக் கைக்குழந்தை மூன்றே நாளில் போய்விட்டது. அந்த அழுகையை நான் கதவை மூடிக்கொண்டு கேட்டேன். அந்த வாரத்திலேயே என் சிநேகிதியின் குழந்தைக்கும் காய்ச்சல் வந்தது. நான் போய் நெற்றியில் ஈரத்துணி போட்டேன். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனதும் நான்தான். பாட்டிலில் கலப்பு மருந்து கொடுத்தார்கள். தண்ணீரைக் காய்ச்சிக் கொடுக்கச் சொன்னார்கள். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டே நடந்து வந்தாள்.

அதற்கு இரண்டாம் நாள் சாயங்காலம், தரிசில் மாடு தேடிப்போன ஒரு ஆள் பெட்டிக்குள் வெள்ளைப் பறவை நுழைவதைப் பார்த்துவிட்டார்.

வீட்டுக்குச் சொந்தக்காரர் தானிய வியாபாரி. தெருவில் எல்லோரும் அண்ணாச்சி என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். அவர் முன்னால் வர, பின்னால் இருபது பேர் வந்தார்கள். என் கணவர் ஸ்டேஷனில் இருந்தார். நான் மதில் பக்கம் போய் நின்றேன். எதிர்வீட்டுக்காரி தலைவிரிகோலமாக வந்து கொட்டகையைப் பார்த்து, “பாம்புன்னு நெனச்சுப் பால வச்சேனே! எம்பேரப்பிள்ளையக் கொன்னதுக்கா பால் வச்சேன்!” என்று மார்பில் அடித்துக்கொண்டாள்.

அண்ணாச்சி நெசவுக்காரரைக் கேட்டார். “என்னவே இது? ஒம்ம கொட்டகையில சாக்குருவிக்குப் பொட்டி கட்டியிருக்கு? யாரு வச்சது?”

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஏணியில் ஏறிக் கட்டிய கைகளை முதுகுக்குப் பின்னால் சேர்த்துக்கொண்டார். என் சிநேகிதி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நிலைப்படியில் நின்றிருந்தாள். நான் வாயைத் திறந்தேன். ‘நாங்கள்தான் செய்தோம், எலிக்காகச் செய்தோம், அந்தப் பறவை யாரையும் கொல்லாது’ என்று சொல்லத்தான் திறந்தேன். அதற்குள் அவள் குரல் வந்துவிட்டது.

“அவியதான் செஞ்சாவ” என்று என்னைப் பார்க்காமல் கையை மட்டும் நீட்டினாள். “எங்களுக்கு என்ன தெரியும், அண்ணாச்சி? குருவிக்குன்னு சொன்னாவ. பாவப்பட்டு எடங்குடுத்தோம்.”

கூட்டம் முழுக்க என் பக்கம் திரும்பியது. எனக்கு அப்போதுகூடப் பெரிதாகக் கோபம் வரவில்லை. பயத்தில் சொல்லிவிட்டாள் என்றே நினைத்தேன். அவள் அதோடு நிறுத்தவில்லை.

“வீட்டுக்குள்ள எலும்பு வச்சிருக்காவ. மண்ட ஓடெல்லாம் அட்டையில வரிசையா ஒட்டி வச்சிருக்காவ. போய்ப் பாருங்க. நான் எங்கண்ணால பாத்தேன்.”

அந்தத் தெரு அதன் பிறகு என்ன பேசியது என்பதை நான் எழுதத் தேவையில்லை. பிள்ளையில்லாதவள், வெளியூர்க்காரி, ஆணி அடிக்கிறவள், எலும்பு வைத்திருக்கிறவள். எல்லாம் ஒன்றோடொன்று தானாகச் சேர்ந்துகொண்டது. இரண்டு பெண்கள் என் வீட்டுக்குள் புகுந்து அட்டையை எடுத்து வந்தார்கள். தொடப் பயந்து முறத்தில் வைத்துத் தூக்கி வந்தார்கள். தெரு நடுவில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். பெட்டியைக் கம்பால் இடித்துத் தள்ளினார்கள். நான் அடித்த ஆணிகள் நன்றாகவே பிடித்திருந்தன. கீழே விழுந்தும் அது உடையவில்லை. அதைத் திறந்து, உள்ளேயிருந்த மூன்று குஞ்சுகளையும் கொன்றார்கள். பறக்கச் சிறகு முளைத்து, முகத்தில் மட்டும் பஞ்சு ரோமம் மிச்சமிருந்த குஞ்சுகள். நான் மதிலைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடி நின்றேன். ஒரு வார்த்தை பேசவில்லை. அதை நான் பெருமையாகச் சொல்லவில்லை.

என் கணவர் வந்து நடந்ததைக் கேட்டார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அண்ணாச்சியிடம் சண்டை போடப் போகிறார் என்று நினைத்தேன். திரும்பி வந்ததும் சொன்னார்: “மன்னிப்புக் கேட்டுட்டு வந்தேன். புத்தியில்லாம செஞ்சுட்டா, இனிமே செய்யமாட்டான்னு சொல்லிட்டேன். மாத்தல் கேட்டு எழுதுறேன். அதுவரைக்கும் வெளியில தலைகாட்டாம இரு.”

“நான் கேக்கச் சொன்னேனா?” என்றேன்.

“பின்ன என்ன செய்யச் சொல்ற? அங்க இருபது பேரு, நான் ஒரு ஆளு.” சுத்தியலையும் ரம்பத்தையும் எடுத்துக்கொண்டுபோய் ஸ்டேஷனில் யாருக்கோ கொடுத்துவிட்டார்.

மாற்றல் வர மூன்று மாதம் ஆயிற்று. அந்த மூன்று மாதமும் நான் கிணற்றுக்குப் போனால் மற்ற பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கி நிற்பார்கள். நான் போன பிறகு கயிற்றில் தண்ணீர் தெளித்துவிட்டு இறைப்பார்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் தறிச்சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. குழந்தைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. அது ஓடுகிற சத்தமும் கேட்டது. அந்தச் சத்தம் எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்படி நிம்மதியாக இருப்பதே எனக்கு எரிச்சலாகவும் இருந்தது.

கிளம்புவதற்கு ஒரு வாரம் இருக்கையில், மத்தியானத்தில், தெருவில் ஆள் நடமாட்டமில்லாத நேரம் பார்த்து அவள் மதிலருகே வந்தாள். மெலிந்திருந்தாள்.

“மதினி” என்றாள். நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். திரும்பவில்லை.

“எலி திரும்பவும் வந்துட்டு, மதினி. போன பாவுல பாதி போயிட்டு.”

நான் அடுத்த துணியை எடுத்து உதறினேன்.

“எம்மேல கோவம் இருக்கும். இருக்கத்தான செய்யும்? நான் அன்னைக்கு வேற என்னத்தச் சொல்ல? எங்க கொட்டகையில இருக்கு பொட்டி. நீங்க செய்யலன்னா நாங்க செஞ்சதாத்தான ஆகும்? நாங்க இந்தத் தெருவுலயே கெடந்து சாகணும். எம்பிள்ளைய இங்கனதான் வளத்து, இங்கனதான் கெட்டிக் குடுக்கணும். நீங்க ரயில்வேக்காரவிய. இன்னைக்கு இல்லன்னா நாளைக்கு மாத்திப் போயிருவிய. ஒங்களுக்கு இந்த ஊர் பேசுனா என்ன, பேசாட்டா என்ன?”

யோசித்துத்தான் செய்திருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அந்த நிமிஷம்வரை பயத்தில் நாக்குப் பிறழ்ந்துவிட்டது என்று நானே அவளுக்காக ஒரு சமாதானம் வைத்திருந்தேன். அவள் அதையும் எடுத்துக்கொண்டாள்.

நான் திரும்பினேன். இத்தனை நாளும் நீங்கள் என்றே பேசிக்கொண்டிருந்தோம். அன்றைக்குத்தான் முதல்முதலாக நீ என்றேன்.

“பெட்டிய நான்தான் செஞ்சேன்னு நீ சொன்ன. சரி. எலும்பப் பத்தி யாரும் உன்னக் கேக்கலையே. அத ஏன் சொன்ன?”

அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. குழந்தை உள்ளேயிருந்து கூப்பிட்டது. “தெரியல, மதினி” என்றாள் கடைசியில். “அவ்வளவு பேரும் ஒங்களப் பாத்தாவ. இன்னுங் கொஞ்ச நேரம் ஒங்களயே பாக்கட்டும்னு இருந்துச்சு.”

 மீதித் துணியை உலர்த்தாமலே உள்ளே போய்விட்டேன்.

மாற்றலாகி விருதுநகருக்குப் போன அடுத்த வருஷம் அவளிடமிருந்து ஒரு தபால் கார்டு வந்தது. அவளுக்கு எழுதத் தெரியாது. யாரிடமோ சொல்லி எழுதி வாங்கியிருந்தாள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருப்பதாகவும், எனக்கு நல்லபடியாகக் குழந்தை பிறக்கவேண்டும் என்று அந்த ஊர்க் கோமதியம்மனுக்கு நேர்ந்திருப்பதாகவும் அதில் இருந்தது. படித்துவிட்டு அடுப்படி ஆணியில் குத்திவைத்தேன். பதில் எழுதக் கார்டும் வாங்கினேன். ‘சௌக்கியம்’ என்று ஒரு வார்த்தை எழுதினேன். அடுத்த வார்த்தை வரவில்லை. அவள் சொன்ன காரணங்கள் எல்லாம் நியாயமானவைதான் என்று எனக்குத் தெரியும். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று சத்தியம் செய்து சொல்ல என்னால் முடியாது. இருந்தும் நான் எழுதத் தொடங்கிய கார்டு பல மாதம் அப்படியே கிடந்தது. பிறகு ஒருநாள் என் கணவர் அதில் அவருடைய தம்பிக்கு ஏதோ எழுதி அனுப்பினார். அந்த ஒற்றை வார்த்தையை அடிக்காமல், அதிலிருந்தே தொடர்ந்து எழுதியிருந்தார்.